கிரவுண்ட்ஹொக்கைத் தூக்கிப் பிடித்து வானிலை கேட்பது இன்னும் தேவைதானா?

நெடுந்தீவான்:
நேற்று பெப்ரவரி 2, கிரவுண்ட்ஹொக் தினம். கிரவுண்ட்ஹொக் என்பது வளை தோண்டி வாழும் ஒரு விலங்கு. பென்சில்வேனியாவில் பங்ஸடோனி பில், இங்கே ஒன்ராறியோவில் வயர்ட்டன் வில்லி என்று பெயர் வைத்த கிரவுண்ட்ஹொக்குகளை வைத்து வழக்கம் போல ஆரவாரம். கிரவுண்ட்ஹொக் தன் நிழலைக் கண்டால் இன்னும் 6 வாரம் குளிர், காணாவிட்டால் வசந்தம் முந்தி வரும் என்பது நம்பிக்கை. என் மகளின் வகுப்பில் படம் வரையச் சொல்லி, நிழல் தெரியுமா தெரியாதா என்று வாக்கெடுப்பும் வைத்தார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

தண்டர் பேயில் உள்ள லேக்ஹெட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 33 கிரவுண்ட்ஹொக்குகளின் பெயரில் சொல்லப்பட்ட 530 கணிப்புகளை, வசந்தத்தில் முந்திப் பூக்கும் ஒரு காட்டுச் செடியின் பூக்கும் காலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பாதி சரி, பாதி பிழை. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் அதே விடைதான் கிடைக்கும்.

அந்தப் பிராணி படும் பாட்டையும் பாருங்கள். 2014இல் நியூயோர்க் மேயரின் கையிலிருந்து நழுவி விழுந்த கிரவுண்ட்ஹொக் ஒரு வாரத்தில் இறந்துபோனது. அதைப் பல மாதங்கள் வெளியே சொல்லவும் இல்லை. இதையா பிள்ளைகளுக்குக் கொண்டாடக் காட்டுகிறோம்?

மார்க்கம் சுபா:
அண்ணா, கணிப்பு பலிப்பதில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். அதை நம்பி யாரும் விதைப்பதும் இல்லை, குளிர் அங்கியை மடித்து வைப்பதும் இல்லை. அதற்காக இந்தத் தினத்தையே தூக்கி எறியச் சொல்வதை ஏற்க மாட்டேன்.

குளிர்காலம் தொடங்கும் டிசம்பர் 21க்கும் பகலும் இரவும் சமமாகும் மார்ச் 20க்கும் நடுவில் விழுகிற நாள் இது. கத்தோலிக்க ஆலயங்களில் மெழுகுதிரிகளை மந்திரிக்கும் நாளும் இதுதான். அன்று வெயில் எறித்தால் குளிர் நீளும் என்று ஐரோப்பிய விவசாயிகள் சொல்லி வந்தார்கள். ஜெர்மன் பேசும் ஊர்களில் அந்த வெயிலில் நிழலைப் பார்த்தது பேட்ஜர் என்ற, வளை தோண்டும் இன்னொரு விலங்கு. 18ஆம் நூற்றாண்டில் அந்த மக்கள் பென்சில்வேனியாவில் குடியேறியபோது கதையும் கூடவே வந்தது, பேட்ஜரின் இடத்தை இந்த மண்ணின் கிரவுண்ட்ஹொக் பிடித்துக்கொண்டது. பங்ஸடோனியில் 1886இல் உள்ளூர்ப் பத்திரிகை இதைப் பற்றி எழுதியது. மறு வருடம் மலைமேட்டுக்கு ஏறிப்போய்ப் பார்க்கத் தொடங்கினார்கள்.

புலம்பெயர்ந்தவர்கள் கொண்டுவந்த வழக்கம் இது. நாங்கள் மட்டும் இந்த ஊர்ப் பனிக்குள் தைப்பொங்கல் பொங்கவில்லையா? எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறினால் மழை வரும் என்று என் அம்மம்மா சொல்லுவா. அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாதா?

நெடுந்தீவான்:
தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. அம்மம்மா எறும்பைத் தொடவில்லை, அது போகிற போக்கைப் பார்த்தா. இங்கே நடப்பது வேறு. பில் வசிப்பது அந்த ஊர் நூலகத்தில், வெப்பம் சீராக்கிய கண்ணாடிக் கூட்டில். வருடத்தில் ஒரு நாள் காலையில் அதை மேட்டுக்குக் கொண்டுபோய் மரக் கட்டைக்குள்ளிருந்து தூக்குகிறார்கள். என்ன அறிவிப்பது என்பதை அதற்கு முன்பே மனிதர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். இதில் விலங்கைப் பார்ப்பது எங்கே இருக்கிறது?

விதைநெல்:
நான் வனவிலங்குத் துறையில் வேலை செய்கிறேன். இருவரும் அந்த விலங்கு உண்மையில் பெப்ரவரியில் என்ன செய்கிறது என்பதைத் தொடவே இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான்.

கிரவுண்ட்ஹொக் ஒரு மார்மட், அணில் குடும்பம். ஒக்டோபர் வாக்கில் பனி உறையும் ஆழத்துக்குக் கீழே உள்ள அறைக்குள் போய், வாசலை மண்ணால் அடைத்துவிட்டுச் சுருண்டுகொள்ளும். 37 பாகை செல்சியஸ் உடம்புச் சூடு 5 பாகை அளவுக்கு இறங்கிவிடும். நிமிடத்துக்கு 80 தடவைக்கு மேல் துடிக்கிற இதயம் ஐந்து, பத்து தடவைதான் துடிக்கும். இடையிடையே உடம்பைச் சூடாக்கி விழித்துக்கொள்ளும், பிறகு மறுபடியும் உறக்கம். எல்லாம் கோடையில் சேர்த்த கொழுப்பின் தயவில்.

இந்தக் கொழுப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற நேரத்திலும், பெப்ரவரி தொடக்கத்தில் ஆண் கிரவுண்ட்ஹொக்குகள் வெளியே வருகின்றன. சாப்பிட ஒன்றும் இல்லை, சுற்றிலும் பனி. அவை போவது பெண்களின் வளைகளுக்கு. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஸ்டாம் செர்வானோஸ் என்ற உயிரியலாளர் இதைப் பல வருடங்கள் கண்காணித்துப் பதிவு செய்திருக்கிறார். எந்த வளையில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு, ஆண் திரும்பிப் போய் மறுபடியும் தூங்கும். சேர்க்கை மார்ச்சில்தான். ஒரு மாதம் கழித்து, புல் துளிர்க்கும்போது குட்டிகள் பிறக்கும். முந்திப் பிறந்தால் தாய்க்குத் தீனி இல்லை, பிந்திப் பிறந்தால் குட்டிகள் குளிருக்கு முன் கொழுக்க நாள் போதாது. அவசரம் அதனால்தான்.

ஆக, இந்த நாட்களில் பனியில் கால் தடத்தைக் கண்டு யாரோ ஒரு பழைய குடியானவர் கதை கட்டியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். நிழல் விஷயத்திலும் துளி உண்மை உண்டு. இந்தப் பக்கத்தில் பெப்ரவரியில் வானம் தெளிந்திருந்தால் பெரும்பாலும் வடதுருவக் காற்று இறங்கியிருக்கிறது என்று பொருள். முகில் மூடியிருந்தால் குளிர் கொஞ்சம் தணிந்திருக்கும். அது அன்றைய நாளுக்கு மட்டும் பொருந்தும். 6 வாரத்துக்கு நீட்டியதுதான் பிழை.

கவின்:
எல்லாரும் அழகாக எழுதுகிறீர்கள். என் பின்வளவில் கொட்டிலுக்குக் கீழே ஒன்று குடியிருக்கிறது. போஞ்சி, பயித்தை, கீரை எதையும் விட்டுவைக்கவில்லை. குருத்து வந்ததும் காலையில் மொட்டை. அடித்தளமும் இறங்கிவிடும் என்று பயமாக இருக்கிறது. கொண்டாடுகிறவர்கள் யாரும் தோட்டம் வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மருந்து வைக்கலாமா, அல்லது பிடித்து நூறு கிலோமீற்றர் தள்ளிக் காட்டில் விட்டுவிட்டு வரலாமா?

பிரேரி மண்:
நான் சஸ்காட்சுவான் மாகாணத்தில், ரெஜைனாவில் இருக்கிறேன். இங்கே நாங்கள் கோபர் என்று சொல்வது ஒரு நில அணில், அதுவும் வளை தோண்டி மாதக்கணக்கில் உறங்குகிற இனம். கவின் மாதிரி யோசித்தவர்கள் இங்கே நிறையப் பேர். 1917 மே 1ஐ சஸ்காட்சுவான் அரசு கோபர் தினமாக அறிவித்தது. போர்க்காலத்தில் கோதுமையைக் காப்பாற்ற வேண்டும் என்று பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அனுப்பி லட்சக்கணக்கில் கொன்றார்கள். கோபர் இன்றைக்கும் இருக்கிறது. ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சும் வைத்தார்கள். அதைத் தின்று செத்த கோபரைச் சாப்பிட்ட நரியும் பருந்தும் சேர்ந்து செத்தன. இந்த நஞ்சுக்கான அனுமதியை நீக்க 2020இல் கனடா அரசு முடிவெடுத்ததற்கு அதுவே காரணம். விவசாயிகளுக்கு நட்டம் இல்லை என்று நான் சொல்லவில்லை. என் பக்கத்து வயல்காரர் இன்றும் அந்த முடிவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் வளையாந்தை என்ற சின்ன ஆந்தைக்கு அந்தப் பழைய வளைகள்தான் வீடு. அது தானாகப் பெரும்பாலும் தோண்டாது.

விதைநெல்:
கவின், இரண்டும் வேண்டாம். ஒன்ராறியோவில் பிடித்த விலங்கை 1 கிலோமீற்றருக்குள்தான் விட வேண்டும், அது சட்டம். தெரியாத இடத்தில் கொண்டுபோய் விட்டால் வளை இல்லை, மறைவிடம் இல்லை, பெரும்பாலும் பிழைக்காது.

உங்கள் கொட்டிலைச் சுற்றி நன்றாகப் பாருங்கள். மண் குவிந்த வாசல் ஒன்று தெரியும். உள்ளிருந்தே தோண்டிய அவசர வாசல் ஒன்றாவது புல்லுக்குள் ஒளிந்திருக்கும், அதன் வாயில் மண் குவியல் இருக்காது. தூங்க ஓர் அறை, மலம் கழிக்கத் தனி அறை என்று உள்ளே பிரித்து வைத்திருக்கும். தெரிந்த வாசலை மட்டும் அடைத்தால் பயனில்லை. அது விட்டுப்போன வளையில் நரி, ஸ்கங்க், முயல் குடியேறுவதும் உண்டு.

தோட்டத்துக்கு வேலிதான் சரி. கம்பிவலை ஒரு மீற்றர் உயரம் இருக்கட்டும். கீழே ஓர் அடி மண்ணுக்குள் புதைத்து, அந்தப் பகுதியை வெளிப்பக்கமாக மடியுங்கள். மேல் ஓர் அடியைக் கம்பத்தில் கட்டாமல் தளர்வாக விடுங்கள். அது நன்றாக ஏறும், ஆனால் ஆடுகிற வலையில் ஏறப் பயப்படும்.

மார்க்கம் சுபா:
விதைநெல் எழுதியதைப் படித்த பிறகு என் நிலைப்பாடு இன்னும் உறுதியாகிறது. இந்த நாள் இல்லாவிட்டால் நகரத்துப் பிள்ளை ஒன்றுக்குக்கூட இப்படி ஒரு விலங்கு இருப்பது தெரியாது. தூக்கிப் பிடிப்பதை நிறுத்தட்டும், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இந்தத் தினத்தை வைத்துக்கொண்டு, அந்த ஆண் கிரவுண்ட்ஹொக்குகளின் பயணத்தை வகுப்பில் சொல்லட்டும்.

நெடுந்தீவான்:
தூக்கிப் பிடிப்பதை நிறுத்தினால் ஊருக்கு வருகிற சுற்றுலாக் கூட்டம் நின்றுவிடும், அதனால் நிறுத்த மாட்டார்கள். 1999இல் வயர்ட்டன் வில்லி விழாவுக்கு முன் இறந்துபோனபோது, பாடம் செய்த வேறொரு கிரவுண்ட்ஹொக்கைச் சின்னப் பெட்டியில் படுக்க வைத்தாவது நிகழ்ச்சியை நடத்தினார்கள். ஆகவே என் எதிர்ப்பு அப்படியே இருக்கிறது. மகளின் ஆசிரியைக்கு எழுதப் போகிறேன். வாக்கெடுப்புக்குப் பதிலாக, மார்ச்சில் பிள்ளைகளை இங்கே ரொறன்ரோ ஓரத்தில் உள்ள ரூஜ் பள்ளத்தாக்குக்குக் கூட்டிப்போய் வளைகளைத் தூர நின்று காட்டுங்கள் என்று கேட்பேன்.

கவின்:
வேலி போடுகிறேன். ஆனால் கொட்டிலுக்குக் கீழே இருப்பது போக வேண்டும். எப்போது செய்யலாம்?

விதைநெல்:
இப்போது தொடவே வேண்டாம், உள்ளே தூங்குகிறது. ஏப்ரல் முதல் யூலை வரை குட்டிகள் இருக்கும். ஓகஸ்ட், செப்டெம்பர்தான் சரியான காலம். எல்லா வாசல்களிலும் கசக்கிய பத்திரிகைத் தாளை லேசாகச் செருகுங்கள். நாலைந்து நாள் தாள் அசையாமல் இருந்தால் வளை காலி. பிறகு கொட்டிலைச் சுற்றி வலையை மண்ணுக்குள் இறக்கி மூடலாம். தாள் வெளியே தள்ளப்பட்டிருந்தால் பெரிய வாசலில் ஒருவழிக் கதவு பொருத்தி, மற்ற வாசல்களை அடைத்துவிடுங்கள். அது வேறு வளை தோண்ட ஒக்டோபர் வரை நேரம் கிடைக்கும்.