கஞ்சாச் செடித் தண்டுக்குள் புழு, என்ன செய்யலாம்?

வணக்கம். கனடாவில் ஒன்ராறியோ. இங்கே 2018 முதல் வீட்டுக்கு 4 செடி வரை சட்டப்படி வளர்க்கலாம், கொல்லையில் வைத்திருக்கிறோம். கோடையில் வந்த அசுவினி தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததிலேயே போய்விட்டது. இப்போது பூ வைக்கிற நேரத்தில் ஒரு கிளை மட்டும் வாடித் தொங்குகிறது. கணுவை ஒட்டிச் சின்னத் துளை, அதன் வாயில் ஈர மரத்தூள் மாதிரி எச்சம். பக்கத்தில் சோள வயல் இருப்பதால் சோளத் தண்டுத் துளைப்பான் என்றே நினைக்கிறேன்.

பி.டி. பாக்டீரியா மருந்து புழு தின்றால்தான் வேலை செய்யும். உள்ளே போய்விட்டதை எப்படி எடுப்பது? தண்டைக் கீறி எடுத்தவர்கள் இருக்கிறீர்களா, காயம் ஆறியதா? புகைக்கிற பூவில் வேப்பெண்ணெய் அடிக்க எனக்குத் துளியும் மனமில்லை. செப்டம்பர் ஈரத்தில் பூ அழுகலும் சேர்ந்துகொள்ளும், அதனால் கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். படம் கேட்டால் அனுப்புகிறேன்.