நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஏவுதளம் இருந்தும் பிரேசிலுக்கு ஏன் சொந்த ராக்கெட் இல்லை?

வைகைக்கரை எழுதியது:

2021 பிப்ரவரி 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி சி-51 கிளம்பியது நினைவிருக்கும். அதில் போன முக்கியமான செயற்கைக்கோள் பிரேசிலின் அமேசோனியா-1, 637 கிலோ. அந்த நாட்டு அமைச்சரே நேரில் வந்து பார்த்தார். அன்றிலிருந்து இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது. எம்ப்ரேயர் விமானம் செய்து உலகம் முழுக்க விற்கிற நாடு, அல்கான்டரா என்று கடற்கரையில் ஓர் ஏவுதளம், அதுவும் நிலநடுக்கோட்டுக்கு 2.3 டிகிரி தெற்கே. இவ்வளவு இருந்தும் சொந்த ராக்கெட்டில் ஒரு செயற்கைக்கோளைக்கூட அவர்கள் சுற்றுப்பாதையில் விட்டதில்லை. பணம் இல்லையா, அமெரிக்கா விடவில்லையா, வேறு ஏதாவதா? யூடியூபில் பார்ப்பதெல்லாம் 2003 விபத்தோடு முடிந்துவிடுகிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை எழுதியது:

விபத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதை வெறும் விபத்து என்று கடந்துபோவது தவறு. விஎல்எஸ்-1 என்பது பிரேசில் சொந்தமாகச் செய்த, நான்கு கட்டங்களும் திட எரிபொருளில் ஓடும் ராக்கெட். 1997இல் முதல் முயற்சி, முதல் கட்டத்தின் நான்கு மோட்டார்களில் ஒன்று பற்றவே இல்லை. 1999இல் இரண்டாம் கட்டத்தில் கோளாறு. மூன்றாவது ராக்கெட் 2003 ஆகஸ்ட் 22 அன்று ஏவுமேடையில் நின்றுகொண்டிருந்தது, ஏவுவதற்குச் சில நாட்களே இருந்தன. திடீரென்று முதல் கட்ட மோட்டார் ஒன்று தானாகப் பற்றிக்கொண்டது. திட எரிபொருள் பற்றினால் அணைக்க வழியே கிடையாது. கோபுரத்தில் வேலை செய்துகொண்டிருந்த 21 பேர் இறந்தார்கள். பொறியாளர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள், அந்த ராக்கெட்டைக் கையால் தொட்டு வளர்த்தவர்கள். விசாரணை அறிக்கை மின்கோளாறைச் சொன்னதோடு நிற்கவில்லை, பல வருடங்களாகப் பணமும் ஆளும் போதாமல் பாதுகாப்பு தேய்ந்துபோயிருந்ததையும் சொன்னது. 

தோல்வி நமக்கும் வந்தது. எஸ்எல்வி-3 1979இல் வங்கக்கடலில் விழுந்தது, மறுவருடமே ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டோம். ஏஎஸ்எல்வி 1987, 1988 என்று அடுத்தடுத்துத் தோற்றது, பிஎஸ்எல்வியின் முதல் பயணமும் 1993இல் தோற்றது. ஆனால் ஆட்கள் கலையவில்லை, அடுத்த ராக்கெட்டுக்கான காசு நிற்கவில்லை. பிரேசிலில் 2003க்குப் பிறகு விஎல்எஸ் பறக்கவே இல்லை, 2016இல் திட்டத்தையே மூடிவிட்டார்கள். அனுபவம் இருந்தவர்களில் 21 பேரை ஒரே நாளில் இழந்த குழு அது. மீண்டும் ஆள் எடுத்து, பயிற்சி கொடுத்து, பொறுமையாக நின்றிருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை.

தாம்பரம்_பாலு எழுதியது:

நெல்லைச்சீமை அண்ணன் சொன்னதோடு நிர்வாகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே 1972லிருந்து விண்வெளித் துறை நேராகப் பிரதமரின் கீழ். அங்கே ராக்கெட் விமானப்படையின் ஆய்வு நிறுவனத்திடம், செயற்கைக்கோள் அறிவியல் அமைச்சகத்தின் இன்பே நிறுவனத்திடம், 1994இல் இவற்றை ஒருங்கிணைக்க விண்வெளி முகமை என்று மூன்றாவதாக ஒன்று. ராக்கெட் ராணுவத்தின் கையில் இருந்ததால் வெளிநாடுகள் அதை ஏவுகணை என்றே பார்த்தன, பாகங்கள் வாங்குவது பெரும் பாடு. 1995இல் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பில் சேர்ந்தும் பெரிதாக எதுவும் மாறவில்லை. 

உக்ரைன் கதை இன்னும் வருத்தம். சைக்ளோன்-4 ராக்கெட்டை அல்கான்டராவிலிருந்து ஏவ 2003இல் ஒப்பந்தம் போட்டு, கூட்டு நிறுவனம் தொடங்கி, கட்டுமானத்தில் பெரும் பணம் கொட்டி, ஒரு ராக்கெட்டும் போகாமல் 2015இல் பிரேசில் விலகிக்கொண்டது. அந்தப் பணம் விஎல்எஸ் குழுவுக்குப் போயிருக்கலாமே என்று இப்போதும் ஆற்றாமையாக இருக்கிறது.

மழைக்காடு எழுதியது:

ராக்கெட்டை மட்டும் வைத்து ஒரு நாட்டின் விண்வெளித் திட்டத்தைத் தோல்வி என்று எழுதுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். முதலில் நிலநடுக்கோடு. அங்கே பூமியின் சுழற்சி ராக்கெட்டுக்குக் கூடுதல் வேகம் தரும், ஆனால் அதன் பெரிய லாபம் புவிநிலைச் சுற்றுப்பாதைக்குத்தான், அதாவது செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் பாதைக்கு. அமேசோனியா-1 போன்ற படமெடுக்கும் செயற்கைக்கோள்கள் துருவங்களுக்கு மேலே சுற்றுபவை, அவற்றுக்குப் பூமியின் சுழற்சி உதவாது. ராக்கெட் போகும் வடக்கு அல்லது தெற்குத் திசையில் திறந்த கடல் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே அனுப்பினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான் குலசேகரன்பட்டினத்தில் புது ஏவுதளம்.

அடுத்தது இன்பே செய்த வேலை. 1988இல் சீனாவோடு ஒப்பந்தம் போட்டு சிபெர்ஸ் என்ற படமெடுக்கும் செயற்கைக்கோள் வரிசையைத் தொடங்கினார்கள், 1999இல் முதலாவது பறந்தது. 2004லிருந்து படங்களை இலவசமாகக் கொடுத்தார்கள், காசு வாங்கிக்கொண்டு படம் விற்பது வழக்கமாக இருந்த காலம் அது. அமேசான் காட்டில் எங்கே மரம் வெட்டுகிறார்கள் என்று உடனுக்குடன் எச்சரிக்கும் டெட்டர் முறையும் அதே வருடம்தான் வந்தது. 2004இல் ஒரே வருடத்தில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு போனது, 2012இல் அது 4,571 ஆகக் குறைந்தது. செயற்கைக்கோள் மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன், வனக் காவலும் சட்டமும் சேர்ந்து செய்தது. ஆனால் எங்கே போக வேண்டும் என்று காவலர்களுக்குக் காட்டியது வானத்திலிருந்து வந்த படம். 2019இல் காடழிப்பு கூடுகிறது என்ற கணக்கை அதிபர் போல்சனாரோ பொய் என்றார், இன்பே இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ எண்களை விட்டுக்கொடுக்காமல் பதில் சொல்லி, பதவியை இழந்தார். நான் பெரிதும் மதிக்கிற விஞ்ஞானி.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மழைக்காடு சொன்னது நான் யோசிக்காத பக்கம். அப்படியானால் அல்கான்டரா இப்போது சும்மாவா கிடக்கிறது?

மழைக்காடு எழுதியது:

சும்மா இல்லை. 2019இல் அமெரிக்காவோடு தொழில்நுட்பப் பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டார்கள், அங்கே வரும் அமெரிக்கத் தொழில்நுட்பம் வேறு கைக்குப் போகாமல் காப்பதற்கான ஒப்பந்தம் அது. அமெரிக்கப் பாகம் இல்லாத செயற்கைக்கோள் அபூர்வம் என்பதால் அது இல்லாமல் வெளிநாட்டு வாடிக்கையாளர் யாரும் வரமாட்டார்கள். 2023 மார்ச்சில் தென்கொரியாவின் இன்னோஸ்பேஸ் நிறுவனம் அங்கிருந்து ஒரு சோதனை ராக்கெட்டை விட்டது. ஜெர்மனியோடு சேர்ந்து விஎல்எம் என்ற சிறிய ராக்கெட்டில் பிரேசிலும் வேலை செய்தது, அதற்கான எஸ்-50 மோட்டாரை 2021இல் தரையில் எரித்துப் பார்த்தார்கள். 

ஆனால் அந்த ஏவுதளத்தைப் பற்றிப் பேசும்போது அங்கிருந்து எடுக்கப்பட்ட மக்களையும் பேச வேண்டும். அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்களின் வழிவந்த கிலோம்போலா மக்கள் 312 குடும்பங்களை 1980களில் கடற்கரையிலிருந்து உள்ளே கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். மீன்பிடித்து வாழ்ந்தவர்களுக்குக் கடல் தூரமானது. அவர்களின் நில உரிமையை அரசு மீறியது என்று அமெரிக்கக் கண்டத்தின் மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது, தீர்ப்பு வெளியானது 2025இல். தளத்தை இன்னும் விரிவாக்கும் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் கேட்க வேண்டியது அவர்களைத்தான்.