சென்னை – லண்டன் 8,230 கி.மீ. தானே, 11 மணி நேரம் ஏன்?

கணக்கன்:
விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனால் ஒன்பது மணி பத்து நிமிடத்தில் இறங்கிவிட வேண்டும். ஆனால் போக 11 மணி நேரம், வர 10 மணி நேரம் என்று காட்டுகிறது. ஒரே தூரத்துக்கு இரண்டு நேரம் எப்படி? ஜூலையில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்கி, தனி டிக்கெட்டில் எடின்பரோ போகவும் வேண்டும். நடுவில் எவ்வளவு நேரம் விடலாம்?

திசைகாட்டி:
8,230 என்பது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் அது பாரசீக வளைகுடா மேல் போகும். உண்மையான குறுக்குவழி அதற்கு வடக்கே: சிந்து, பலூசிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், காகசஸ், அசோவ் கடல், உக்ரைன். சிக்கல் அங்கேதான். உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து மூடிக் கிடக்கிறது. ரஷ்ய வான்வெளிக்குள் பிரிட்டிஷ் விமானங்கள் நுழைய முடியாது. அதனால் துருக்கி, கருங்கடல் பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். ஈரான் பக்கம் பதற்றம் என்றால் இன்னும் சுற்று. கணக்குக்கு 8,800 கி.மீ. வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது காற்று. 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம், தரைக்கு மேல் நகரும் வேகம் இல்லை. 10–12 கி.மீ. உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. லண்டன் போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று. வழிநெடுகச் சராசரி மணிக்கு 50 கி.மீ. என்று எடுத்தால்:

போக: 8,800 ÷ 850 = 10 மணி 21 நிமிடம்
வர: 8,800 ÷ 950 = 9 மணி 16 நிமிடம்

இரண்டிலும் 40 நிமிடம் கூட்டுங்கள். டிக்கெட்டில் இருப்பது இந்தக் கேட்டை விட்டு நகர்வதிலிருந்து அந்தக் கேட்டில் நிற்பது வரையான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெதுவாக ஏறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். ஹீத்ரோவில் நெரிசல் என்றால் லண்டனுக்கு அருகே விமானங்கள் காத்திருக்கும் இடங்களான லாம்போர்ன், பிக்கின் மேல் வட்டமடிக்க வைப்பார்கள். அதற்கும் சேர்த்துத்தான் நேரம் போடுகிறார்கள்.

மேகலை:
டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம் என்பதையும் கவனியுங்கள். காலை 5.30க்குக் கிளம்பி லண்டனில் பகல் 12.00 என்றால் ஆறரை மணி நேரப் பயணம் அல்ல. ஜூலையில் வித்தியாசம் நாலரை மணி, ஆக 11. அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை. பிரிட்டனில் கடிகாரத்தை மாற்றும் அந்த இரண்டு ஞாயிறுகளை ஒட்டிப் பயணம் செய்பவர்கள் தேதியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

துபாய் வழி ரொம்பச் சுற்று என்று பலர் நினைக்கிறார்கள். சென்னை–துபாய் 2,930, துபாய்–லண்டன் 5,500. மொத்தம் 8,430, நேர்தூரத்தைவிட 200 கி.மீ. தான் கூடுதல். நேரத்தைத் தின்பது அங்கே காத்திருப்பது.

கணக்கன்:
நன்றி, கணக்கு இப்போது இடிக்கவில்லை. எடின்பரோ?

திசைகாட்டி:
தனி டிக்கெட் என்றால் குறைந்தது நாலு மணி நேரம் விடுங்கள். பெட்டி நேராக எடின்பரோ போகாது. குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, தேவைப்பட்டால் டெர்மினல் மாறி, மறுபடி போட வேண்டும். பெட்டி வாங்கும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு 45–60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் பணமும் போச்சு. இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. இரண்டு, மூன்றாயிரம் கூடினாலும் அப்படியே எடுங்கள் சார்.