ஃபுவென்ஹிரோலாவில் விலைக்கு வந்திருக்கும் வீட்டுத் தரகு நிறுவனத்தை வாங்கலாமா?

கேள்வி:

ஐயா, வணக்கம். நான் கொடைக்கானல் நாயுடுபுரத்தைச் சேர்ந்தவன். நான்கு மாதங்களுக்கு முன் மனைவியுடன் ஸ்பெயினின் தென்கடற்கரைக்குக் குடிவந்தேன். சென்னை நிறுவனம் ஒன்றின் ஊழியனாக, தொலைவிலிருந்து வேலை செய்வதற்கான விசாவில் இருக்கிறேன். இங்கே ஃபுவென்ஹிரோலாவில் ஓர் எஸ்டேட் ஏஜென்சியை அதன் உரிமையாளர் ஓய்வு பெறுவதால் விற்கிறார். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் கடை, மூன்று ஊழியர்கள், ‘நானூறு வீடுகள் கைவசம்’ என்று விளம்பரம். ஊரில் உள்ள காட்டேஜை விற்றுப் பணம் அனுப்ப அப்பா ஆயத்தமாக இருக்கிறார். காட்டேஜ் வாடகைக்கு விட்ட அனுபவம் எங்கள் குடும்பத்துக்கு உண்டு. வாங்கலாமா?

பதில்:

தம்பி, நான் கோத்தகிரிக்காரன். ஃபுவென்ஹிரோலா இருக்கும் மாலகா மாகாணத்தில் இதே போன்ற சிறிய அலுவலகம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவன். ‘எஸ்டேட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் மலையில் எவருக்கும் தேயிலைத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். உங்கள் கேள்விக்கான விடையும் அந்தக் குழப்பத்திலேயே இருக்கிறது. தோட்டத்தை விற்றவர் ஊரை விட்டுப் போனாலும் செடி மண்ணில் நிற்கும், அடுத்த மழைக்குக் கொழுந்து விடும். தரகு நிறுவனத்தில் அப்படி வேரூன்றி நிற்பது எதுவுமில்லை. வீடுகள் பிறருடையவை, கடை வாடகைக்கு எடுத்தது, வாடிக்கையாளரின் நம்பிக்கை விற்பவரின் முகத்தோடும் கைபேசி எண்ணோடும் ஒட்டியது. ஆகவே அவர் போன பிறகு அங்கே என்ன மிஞ்சும் என்பதற்கு மட்டுமே நீங்கள் விலை கொடுக்க வேண்டும்.

‘நானூறு வீடுகள் கைவசம்’ என்பதை முதலில் ஒதுக்கி வையுங்கள். அந்தக் கடற்கரையில் ஒரே வீட்டை நான்கைந்து தரகர்கள் ஒரே நேரத்தில் விளம்பரப்படுத்துவது வழக்கம். தரகர்கள் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளத்தில் சேர்ந்தால், நேற்றுக் கடை திறந்தவரின் இணையதளத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகள் தெரியும். நீங்கள் கேட்க வேண்டியது, வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்டு இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் விற்பனைப் பொறுப்பைக் கொடுத்த ஒப்பந்தங்கள் எத்தனை, அவை எந்தத் தேதியில் முடிகின்றன, நிறுவனம் கைமாறினால் தொடருமா என்பதே. நானூறு என்பது சில சமயம் பன்னிரண்டாகச் சுருங்குவதை நான் கண்டிருக்கிறேன்.

அடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளின் ஒவ்வொரு கமிஷன் ரசீதையும் வரிசையாக வைத்து, வாங்கியவர் எந்த நாட்டவர், அவரை அழைத்து வந்தது யார் என்று பக்கத்தில் குறியுங்கள். மொத்த வருமானத்தை விட இந்தக் குறிப்பு பெறுமதியானது. ஃபுவென்ஹிரோலாவில், குறிப்பாக லோஸ் பாக்கோஸ் பகுதியில், ஃபின்லாந்துக்காரர்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அந்த நிறுவனத்தின் வருமானத்தில் பெரும்பகுதி ஃபின்னிஷ் பேசும் ஓர் ஊழியர் வழியாக வந்திருக்குமானால், நீங்கள் வாங்குவது உண்மையில் அந்த ஒருவருடைய உழைப்பை. நான் வேலை செய்த அலுவலகம் கைமாறியபோது, அதிக விற்பனை செய்துவந்த பெண் மூன்றே மாதத்தில் விலகி அடுத்த தெருவில் தனிக்கடை திறந்தார். புதிய முதலாளிக்கு நாற்காலிகளும் காப்பி இயந்திரமும் மிஞ்சின. அப்படி விலகுபவரைத் தடுப்பதும் எளிதன்று: ஸ்பெயினின் தொழிலாளர் சட்டத்தின் 21ஆம் பிரிவின்படி, வேலையை விட்டபின் போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனை தொழில்நுட்பப் பணியாளர்களுக்கு 2 ஆண்டும் மற்றவர்களுக்கு 6 மாதமும்தான் செல்லும், அதற்கும் தக்க இழப்பீடு கொடுத்தாக வேண்டும்.

பழைய கணக்கு வருங்காலத்தைச் சொல்லாது என்பதற்கு நம் மலைகளே சாட்சி. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்ததும், முந்தைய சீசன் வருமானத்தை வைத்து காட்டேஜை மதிப்பிட்டவர்கள் திகைத்தார்கள் அல்லவா? ஸ்பெயினிலும் அதுபோலச் சில விதிகள் மாறியுள்ளன. 5,00,000 யூரோவுக்கு வீடு வாங்கினால் குடியிருப்பு உரிமை தந்த ‘கோல்டன் விசா’ 2013இல் தொடங்கி, 2025 ஏப்ரல் 3ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அதற்காகவே வந்தவர்கள் இந்த நிறுவனத்தின் கணக்கில் எத்தனை பேர் என்று பாருங்கள். அதே நாளிலிருந்து, அடுக்குமாடியில் ஒரு வீட்டைப் புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட வேண்டுமென்றால் உரிமையாளர் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு ஒப்புதல் தேவை. 2023இன் வீட்டுவசதிச் சட்டமோ, நிலையான குடியிருப்பு வாடகையில் தரகுக் கட்டணத்தைக் குடிவருபவரிடம் வாங்குவதை நிறுத்தி, வீட்டுக்காரர் மீது வைத்துவிட்டது. உங்கள் குடும்பத்தின் அனுபவம் வாடகைத் தொழிலில் என்பதால் இதைக் கூடுதலாகச் சொல்கிறேன்.

கமிஷன் கணக்கிலும் ஏமாற வேண்டாம். அந்தப் பகுதியில் பரவலாகப் பேசப்படும் 5 விழுக்காட்டில், 3,00,000 யூரோ வீட்டுக்கு 15,000 யூரோ வரும். அதன்மேல் சேரும் 21 விழுக்காட்டு மதிப்புக்கூட்டு வரியான 3,150 யூரோ அரசினுடையது. வாங்குபவரை வேறு தரகர் அழைத்து வந்தால் பாதி அவருக்கு. மீதமுள்ள 7,500இல் விற்பனை ஊழியரின் பங்கு, இணைய விளம்பரச் செலவு, வாடகை, சமூகப் பாதுகாப்புத் தொகை ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். நம்மூர் புரோக்கர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசி முடித்து இருபுறமும் 2 விழுக்காடு வாங்கிக்கொள்வது எவ்வளவு சிக்கனமான தொழில் என்று அப்போது புரியும்.

கடன்கள் உங்கள் பின்னால் வரும் வழிகள் மூன்று. ஊழியர்களோடு தொழில் கைமாறினால், தொழிலாளர் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி அவர்களுடைய பணிமூப்பு அப்படியே உங்களிடம் வந்து சேரும். கைமாறுவதற்கு முன் இருந்த ஊதியப் பாக்கிகளுக்குப் பழையவரும் நீங்களும் 3 ஆண்டுகள் கூட்டாகப் பொறுப்பு. வரிப் பாக்கியும் பொதுவரிச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி தொழிலை ஏற்பவரைத் தொடரும். இதற்குத் தடுப்பு உண்டு: விற்பவரின் சம்மதத்தோடு வரித்துறையிடம் பாக்கிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால், 3 மாதத்துக்குள் தர வேண்டும், அதில் குறிப்பிட்ட தொகையோடு உங்கள் பொறுப்பு நின்றுவிடும். விற்பவர் சம்மதிக்கத் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நிலத்துக்கு வில்லங்கச் சான்று பார்க்காமல் நம் ஊரில் எவரும் கிரயம் செய்வதில்லையே. மூன்றாவது, நிறுவனத்தின் பங்குகளையே வாங்கினால், தெரிந்ததும் தெரியாததுமான எல்லாக் கடனும் நிறுவனத்துக்குள்ளேயே இருக்கும். ஆகவே பெயர், தொலைபேசி எண், இணையதளம், ஒப்பந்தங்கள் ஆகிய சொத்துகளை மட்டும் தனியே வாங்குவதே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

கடை வாடகை ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். 1994ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, வணிகக் கடையின் குத்தகையைக் கட்டிட உரிமையாளரின் சம்மதமின்றியே இன்னொருவருக்கு மாற்ற இடம் தருகிறது. ஆனால் அவர் வாடகையை 20 விழுக்காடு உயர்த்தலாம், குத்தகை மாறியதை ஒரு மாதத்துக்குள் அவருக்கு எழுத்தில் அறிவிக்கவும் வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதுவே செல்லும், பெரும்பாலும் எழுதியிருப்பார்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் விசா நிற்கிறது. ஊழியராக அந்தத் தொலைவேலை விசாவில் இருப்பவர் ஸ்பெயினுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்குத்தான் வேலை செய்யலாம். சுயதொழில் செய்வோருக்குக்கூட உள்ளூர் நிறுவனங்களிலிருந்து வரும் வேலை மொத்தத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எனவே குடியேற்ற வழக்கறிஞரிடம் குடியிருப்பு அட்டையை மாற்றும் வழியைக் கேட்ட பிறகே மற்றப் பேச்சு. வெளிநாட்டவர் அடையாள எண்ணை அங்கே ‘நியே’ என்பார்கள். முதல் வாரத்தில் எனக்கு அது ‘நீயே’ என்று காதில் விழுந்து, என்னைத்தான் ஏதோ கேட்கிறார்கள் என்று விழித்தேன்.

கேள்வி:

மிக்க நன்றி ஐயா. விசா விஷயத்தை யோசிக்கவே இல்லை. அப்பா அனுப்பும் பணம் பற்றியும், விலை பேசும் முறை பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?

பதில்:

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அப்பா உங்களுக்கு அன்பளிப்பாக அனுப்புவது வேறு, அவரே அந்த நிறுவனத்தில் பங்குதாரராவது வேறு. 2022இன் வெளிநாட்டு முதலீட்டு விதிகள், வீடு நிலம் வாங்கி விற்கும் தொழில் செய்யும் வெளிநாட்டு நிறுவனத்தில் இந்தியாவில் வசிப்பவர்கள் முதலீடு செய்வதைத் தடுக்கின்றன. தரகு என்பது வாங்கி விற்பதன்று என்று வாதிடலாம்; ஆனாலும் வங்கியின் கருத்தை எழுத்தில் வாங்காமல் அவர் பெயரைப் பத்திரத்தில் சேர்க்க வேண்டாம். அன்பளிப்பே போதும். இன்னொன்றும் மனத்தில் படுகிறது, தவறாக நினைக்காதீர்கள்: விசா மாறும்வரை காட்டேஜுக்கு அட்வான்ஸ் வாங்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, முழுத்தொகையையும் ஒரே நாளில் கொடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். அங்கே தரகுக் கடை புதிதாகத் திறப்பது கடினமான காரியமன்று. 2000ஆம் ஆண்டிலேயே அந்தத் தொழிலுக்குப் பட்டமோ சங்க உறுப்பினர் தகுதியோ கட்டாயமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். கத்தலோனியா, வலென்சியா போன்ற பகுதிகள் பின்னர் கட்டாயப் பதிவேடு கொண்டுவந்தன. ஃபுவென்ஹிரோலா அடங்கிய உங்கள் ஆந்தலூசியாவில் இன்றைய நிலையை, கணக்கும் அரசுத் தாள்களும் பார்க்கும் ஹெஸ்தோரிடம் கேளுங்கள். நீங்களே ஓராண்டில் புதிதாகக் கட்டியெழுப்ப ஆகும் செலவுதான் உங்கள் பேரத்தின் உச்சவரம்பு. அதில் ஒரு பகுதியை மட்டும் நோட்டரி முன் கையெழுத்திடும் நாளில் கொடுத்து, மீதியை ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் கழித்து, கையொப்ப ஒப்பந்தங்களும் கமிஷன் வருமானமும் பேசிய அளவில் நின்றால் கொடுப்பதாக எழுதுங்கள். அந்த ஆறு மாதமும் விற்பவர் தினமும் கடைக்கு வந்து உங்களை வாடிக்கையாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் அறிமுகம் செய்ய வேண்டும், அதன்பின் அதே கடற்கரையில் வேறு பெயரில் கடை போடக் கூடாது என்ற இரண்டும் பத்திரத்தில் இருக்கட்டும். ஆகஸ்டில் தொடங்க வேண்டாம். கடற்கரை நிரம்பி வழியும், அலுவலகங்கள் பாதி உறங்கும்.

முன்பணம் எதுவும் கொடுப்பதற்கு முன் மூன்று ஆண்டுக் கமிஷன் ரசீதுகள், வரித்துறைச் சான்றிதழ், கடை வாடகை ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்குங்கள். வாடகை ஒப்பந்தத்தின் நகலில் பெயர்களை மறைத்து அனுப்பினால், என் ஸ்பானிஷ் துருப்பிடிப்பதற்குள் படித்துச் சொல்கிறேன்.