பார்லர் கிரீமை நிறுத்தியதும் முகம் எரிகிறது, கறுக்கிறது. பழைய நிறம் திரும்புமா?

நொய்யல்கரை:

அக்கா, அண்ணன் எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 24 வயது. வீடு காங்கேயம் பக்கம், திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

போன வருடம் ஆடி முடிந்ததும் பெண் பார்க்க வந்தவர்கள், ஊருக்குப் போய் போனில் "பொண்ணு கொஞ்சம் நெறம் கம்மிங்க" என்று சொல்லிவிட்டார்கள். அம்மா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. அடுத்த வாரமே ஒரு பார்லரில் நைட் கிரீம் வாங்கினேன். வெள்ளை டப்பா, மேலே ஒரு ஸ்டிக்கர்கூடக் கிடையாது, 350 ரூபாய். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. பிறகு அந்தப் பார்லர்க்காரரே ஒரு டியூப்பின் பெயரை எழுதிக் கொடுத்து, மெடிக்கலில் வாங்கி இதோடு கலந்து போடச் சொன்னார். ஒரு வருடம் போட்டேன்.

இந்த ஆவணியில் வேறு இடத்தில் நிச்சயம் ஆகிவிட்டது. தையில் கல்யாணம். ஆனால் கன்னத்தில் பூனைமுடி வளர்ந்துவிட்டது. செக்கிங் டேபிள் டியூப்லைட் வெளிச்சத்தில் மூக்கோரம் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிகிறது என்று பக்கத்து டேபிள் பெண் சொன்னாள். பயந்துபோய் 20 நாளுக்கு முன் நிறுத்தினேன். மூன்றாம் நாளே எரிச்சல். அயர்ன் டேபிள் பக்கம் போனால் மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறது. பொடிப்பொடியாகப் பரு. வாயைச் சுற்றிக் கறுப்பு. முந்தாநாள் தாங்க முடியாமல் ஒருமுறை போட்டேன், ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

அம்மா கஸ்தூரி மஞ்சள் போடச் சொல்கிறார். கல்யாணம் வரைக்கும் கிரீமையே போட்டுக்கொண்டு அப்புறம் நிறுத்தலாமா? என் பழைய நிறமாவது திரும்பி வருமா?

தடப்பள்ளி:

அம்மணி, கல்யாணம் வரைக்கும் போட்டுக்கலாமா என்று கேட்டாய் பார், முதலில் அதற்குப் பதில். வேண்டாம். இன்னும் நாலு மாதம் போட்டால் தோல் இன்னும் மெலிந்துதான் போகும். கல்யாணத்துக்கு அப்புறம் புது வீட்டில் அடுப்படி வெக்கையில் நின்றுகொண்டு இதே எரிச்சலைத் தாங்க வேண்டியிருக்கும். நான் அப்படித்தான் தாங்கினேன்.

நான் கோபி பக்கம், வீட்டிலேயே தையல் வேலை. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு வந்தது. எங்கள் வீதியில் ஒருவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தது. அந்த ஒரே சீட்டு வீதி முழுக்கச் சுற்றியது. அதைக் காட்டி நானும் வாங்கினேன். சில வாரம் மட்டும், டாக்டர் பார்வையில் போட வேண்டிய மருந்தை 14 மாதம் போட்டேன். நிறுத்தியபோது உனக்கு வந்த அத்தனையும் எனக்கும் வந்தது. சந்தையில் எதிரில் வந்த சின்னம்மா "ஏங் கண்ணு, மூஞ்சி இப்புடிச் செவந்து கெடக்குது?" என்று கேட்டதும் வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டேன். மறுபடி டியூப்பை எடுத்தேன். நிறுத்துவது, எடுப்பது என்று மூன்று தடவை.

கடைசியில்தான் தோல் டாக்டரிடம் போனேன். சீட்டில் 'டி.எஸ்.டி.எஃப்' என்று எழுதினார். என்னவென்று கேட்டதற்கு, ஸ்டீராய்டு கிரீமால் கெட்டுப்போன முகத்துக்கு வைத்த பெயர், 2008-இல் கொல்கத்தா தோல் மருத்துவர்கள் வைத்தது என்றார். இதற்கென்று ஒரு பெயரே இருக்கிறது என்றால் எத்தனை பெண்கள் என்னை மாதிரி வந்திருப்பார்கள் என்று நினைத்து அங்கேயே அழுதுவிட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். ஸ்டீராய்டு தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக்குழாயைச் சுருக்கும், நிறம் உண்டாவதையும் அமுக்கும். அதனால்தான் பத்தே நாளில் வெளுத்துத் தெரிகிறது. போடுவதை நிறுத்தினால் சுருங்கிக் கிடந்த குழாய் ஒரேயடியாக விரியும். சிவப்பும் எரிச்சலும் அதிலிருந்து வருகிறது. திரும்பப் போட்டதும் அடங்குவதைப் பார்த்து, நம் தோலுக்கு அந்தக் கிரீம் ஒத்துக்கொள்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். முந்தாநாள் உனக்கு நடந்தது அதுதான்.

எனக்கு உடனே நிறுத்தச் சொல்லவில்லை. வீரியம் குறைந்த ஒரு கிரீமை ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் என்று படிப்படியாக இறக்கினார். பருவுக்குக் கொஞ்ச நாள் மாத்திரை. ஸ்டீராய்டு இல்லாத டாக்ரோலிமஸ் என்று ஒரு களிம்பு; அது முதல் வாரம் எரியும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு நீயாகப் போய் வாங்கிவிடாதே. உனக்கு எது என்று உன் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எரிச்சல் தணிய ஆறு வாரம். பரு அடங்க மூன்று மாதம். கறுப்புதான் கடைசியில் போனது, ஏழெட்டு மாதம் ஆனது. நடுவில் முன்பு இருந்ததைவிடக் கறுத்த மாதிரி ஒரு கட்டம் வரும். நான் திரும்பத் திரும்ப டியூப்பை எடுத்ததெல்லாம் அந்தக் கட்டத்தில்தான். நீ எடுக்காதே. மூக்கோரச் சிவப்பு நரம்பு இரண்டு எனக்கு இன்னும் இருக்கிறது. அது முழுசாகப் போகும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

நிறம் திரும்புமா என்று நானும் கேட்டேன். டாக்டர் என் கையைத் தூக்கச் சொல்லி, வெயில் படாத மேல்கையின் உள்பக்கத்தைக் காட்டினார். "இதுதாம்மா உங்க நிறம், இதுக்கு மேல வெளுக்க வைக்கிற எதுவும் மருந்து இல்ல." வீட்டுக்கு வந்து என் அப்பத்தா போட்டோவை எடுத்துப் பார்த்தேன். அதே நிறம். நடவு வயலில் நின்ற மனுஷி, ஊரே அழகி என்று சொன்ன மனுஷி.

மஞ்சள் வேண்டாம். ஈரோட்டு மஞ்சள் வாசத்தில் வளர்ந்த நானே சொல்கிறேன். மெலிந்த தோலில் மஞ்சள், எலுமிச்சை, கடலைமாவு எது பட்டாலும் எரியும், எரிந்த இடம் மறுபடி கறுக்கும். உங்கள் ஊர்ப் பக்கம் தேங்காய் எண்ணெய் செக்கிலிருந்தே வரும், ஆனால் பரு இருக்கும்போது முகத்துக்கு அதுவும் வேண்டாம். வாசனை இல்லாத சாதா மாய்ஸ்சரைசர் போதும். வெயிலுக்கு எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளம் எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும். ஸ்கூட்டியில் போகும்போது முகத்தில் கட்டும் ஷாலைத் தினமும் துவைத்துக் கட்டு. முடிந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லி அயர்ன் டேபிளுக்குத் தள்ளி இடம் மாற்றிக்கொள்.

மெடிக்கல்காரன்:

நான் பொள்ளாச்சிப் பக்கம் மருந்துக்கடையில் 16 வருடமாக இருக்கிறேன். தங்கச்சி, அந்த டியூப்பின் பின்பக்கத்தைப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், இதில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் ஸ்டீராய்டு. கூடவே ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின் என்றும் இருந்தால் அது மங்குக்கான மூன்று மருந்துக் கலவை. இந்த மாதிரித் தோல் ஸ்டீராய்டுகளில் 14-ஐ, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. இருந்தும் தினமும் நாலு பேராவது வந்து போனில் போட்டோவைக் காட்டிக் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். என்னால் அதைத் தடுக்க முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

எனக்கு டியூப்பைவிட அந்த ஸ்டிக்கர் இல்லாத டப்பாதான் பயம். தயாரித்தவர் பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை என்றால் உள்ளே பாதரசம் இருக்கலாம். பார்த்தும் தெரியாது, மோந்தும் தெரியாது. பாலக்காட்டைத் தாண்டினால் மலப்புரம். 2023-இல் அங்கே இப்படிப்பட்ட வெளுப்புக் கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்து, சிறுநீரில் புரதம் போவதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள். கால் வீங்குகிறதா, சிறுநீர் நுரைக்கிறதா என்று கவனியுங்கள். இரண்டும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் டப்பாவைப் பற்றிச் சொல்லி ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துவிடுங்கள், செலவு அதிகமில்லை. தலையணை உறை, முகம் துடைக்கும் துண்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இது இன்னும் முக்கியம். டப்பாவை அடுப்பிலோ குப்பையோடு சேர்த்தோ எரித்துவிடாதீர்கள். பாதரசம் இருந்தால் அது ஆவியாகும்.

கொடிவேரி:

ஆம்பளைகளும் இதில் மாட்டுகிறோம் அக்கா. எனக்குத் தொடையில் படை வந்தபோது வாங்கின கிரீம், முகமும் வெளுக்கும் என்று ரூம்மேட் சொல்லி இரண்டு மாதம் முகத்துக்கும் போட்டேன். படையும் போகவில்லை, வட்டம் பெரிதானது, முகம் முழுக்கப் பரு. இப்போது ஒரு வருடம் ஆகிறது, முகம் சரியாகிவிட்டது. தங்கச்சி தைரியமாக இருங்கள்.

நொய்யல்கரை:

அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பத்தா போட்டோ இடம் வந்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து மஞ்சள் டப்பாவை அலமாரியில் வைத்துவிட்டார்.

டியூப்பில் பீட்டாமெத்தசோன் என்று இருக்கிறது அண்ணா. கால் வீக்கம் இல்லை. செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டேன், பெருந்துறை மெடிக்கல் காலேஜுக்குப் போகிறோம்.

நேற்று அவருக்கும் போன் செய்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நிச்சயத்தன்று உன் கையைப் பார்த்தேன், முகம் மட்டும் வேறு நிறமாக இருந்தது, கேட்டால் மனசு சங்கடப்படுவாய் என்று விட்டுவிட்டேன் என்றார். டாக்டரிடம் தானும் வருகிறேன் என்கிறார்.

கல்யாணத்துக்குப் பார்லரில் ஃபேஷியல், பிளீச் எல்லாம் சேர்த்து அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். அதை என்ன செய்வது?

தடப்பள்ளி:

பிளீச்சும் ஃபேஷியலும் கூடவே கூடாது, இன்றைக்கே சொல்லி நிறுத்திவிடு. அன்றைக்கு மேக்கப் போடலாமா, எது போடலாம் என்பதைச் செவ்வாய்க்கிழமை டாக்டரிடமே கேள். காலையிலேயே போய்விடு, கூட்டம் சேர்ந்துவிடும். டப்பாவையும் டியூப்பையும் மறக்காமல் எடுத்துப் போ, அவர் பார்க்க வேண்டும். போகும் அன்று முகத்தில் பவுடர்கூடப் போடாதே அம்மணி.