குழந்தைகள் உதவி எண் 1098-க்கு யாரோ பேசிய அந்த ஒரு போன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தறிவீட்டுப் பெண் (பள்ளிபாளையம்)

எனக்கு அப்போது 11 வயது. அப்பா வாங்கிய அட்வான்ஸுக்காக அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் ஒரே விசைத்தறிப் பட்டறையில் இருந்தோம். என் வேலை தார் சுற்றுவது, அதாவது ஊடை நூலைச் சின்னக் குழலில் சுற்றுவது. பட்டறை எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ஒரு மத்தியானம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கூட இன்னும் இரண்டு பேர். 1098-க்கு யாரோ சொல்லியிருந்தார்கள். தறிச் சத்தத்தில் அவர் கேட்டது எதுவும் என் காதில் விழவில்லை. அவர் என் கையைத் திருப்பி, விரல் இடுக்கில் நூல் அறுத்திருந்த கீறல்களைப் பார்த்தார். அப்புறம் முந்தானையை எடுத்து என் புருவத்தைத் துடைத்துவிட்டார். பஞ்சு படிந்து என் புருவம் கிழவி புருவம் மாதிரி வெள்ளையாக இருந்திருக்கிறது. துடைத்த பிறகுதான் அவர் முகம் மாறியது. அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

மற்றதெல்லாம் வேகமாக நடந்தது. குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளி, மாதம் 100 ரூபாய் உதவித்தொகை, அங்கிருந்து நேராக ஆறாம் வகுப்பு. அந்த அக்கா ஒரு வருடம் வாராவாரம் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்க வந்ததைவிட அம்மாவிடம் உட்கார்ந்து பேசியதுதான் அதிகம். அம்மாவைச் சுய உதவிக் குழுவில் சேர்த்துவிட்டதும் அவர்தான். இன்று நான் ஒரு சாயப்பட்டறையில் கணக்கு எழுதுகிறேன்.

ஆனால் போன் செய்தது யார்? இதுவரை தெரியாது. அவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா?

நொய்யல்கரை (திருப்பூர்)

நானும் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறேன். திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன், ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது, ஏழெட்டு வயதுப் பையன். ஒடியா மட்டும்தான் பேசினான். செருப்பு இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் சுருண்டிருந்தான். போலீஸ்காரர் பக்கத்தில் போனாலே கத்தினான்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு அம்மா வந்தார். வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை. தன் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவனைப் போலவே தரையில் உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடம் கழித்து அவனே நகர்ந்து வந்து அவர் தோளில் சாய்ந்தான். நான் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அவன் வீடு போய்ச் சேர்ந்தானா என்று கேட்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

காங்கேயம் மாமா

எல்லாரும் நல்லதையே எழுதறீங்க. எங்க வீட்டுக் கதையையும் கேளுங்க.

என் தங்கை மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். பெண்ணுக்கு 18 ஆக இன்னும் எட்டு மாதம். பத்திரிகை அடித்து, குலதெய்வத்துக்கு வைத்து, ஊரில் பாதிப் பேருக்குக் கொடுத்தாகிவிட்டது. ஒரு நாள் காலையில் வாசலில் ஜீப். கவர்மெண்ட் ஆளுங்க நாலு பேர் இறங்கினார்கள். வந்தவங்க மரியாதையாத்தான் பேசினாங்க, அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மீதிப் பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு என் தங்கை திண்ணையில் உட்கார்ந்திருந்தாளே, அதை நான் பார்த்தேன். போன் செய்தது எங்க சொந்தத்திலேயே ஒருத்தர்னு மட்டும் தெரியும். பந்தியில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர். நேரில் வந்து, "வேண்டாம் மாப்பிள்ளை, இன்னொரு வருசம் போகட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? அவர் யார் என்று நானும்தான் தேடுகிறேன்.

ஓய்வு பெற்ற வாத்தியார் (கோபி)

காங்கேயம் மாமாவுக்கு: அந்த ஒரு வார்த்தையை நேரில் வந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். நான் சொல்லிப் பார்த்தவன். என் வகுப்பில் ஒரு பெண் பரீட்சைக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன், காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் 1098-க்குப் பேசினேன். என் கதை அவ்வளவுதான்.

1098 அரசு தொடங்கியது இல்லை. 1996-ல் மும்பையில், டாட்டா சமூக அறிவியல் கழகத்தில் இருந்த ஜெரூ பில்லிமோரியா தெருக்குழந்தைகளோடு வேலை செய்தபோது தொடங்கியது. "தஸ், நௌ, ஆட்" என்று பத்திலிருந்து கீழே எண்ணுகிற மாதிரி சொன்னால் குழந்தைகளுக்கு மறக்காது. 1999-ல் அதற்கென்று தனி அமைப்பு உருவானது. ஊர் ஊராக வேலையைச் செய்தவர்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்கள்தான், அதிலும் பெரும்பாலும் நம் பிள்ளைகள் வயதில் இருந்த பெண்கள். பள்ளிபாளையத்துப் பெண் சொல்லும் அக்கா அப்படிப்பட்டவர். 2023-ல் அரசு தன் கையில் எடுத்து, அவசர உதவி எண் 112-ஓடு இணைத்தது. எண் மட்டும் மாறவில்லை.

இனிக் கூப்பிடப் போகிறவர்களுக்காகச் சில விஷயம். உங்கள் பெயரைச் சொல்லத் தேவையில்லை, சொன்னாலும் வெளியே போகாது. குழந்தை இருக்கும் இடத்தை அடையாளத்தோடு சொல்லுங்கள். "கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு" என்கிற அளவுக்கு. மீட்ட குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன்னால் நிறுத்த வேண்டும். அந்தக் குழுவில் தலைவரோடு சேர்த்து ஐந்து பேர். முதலில் பார்ப்பது குடும்பத்தோடு சேர்க்க முடியுமா என்பதைத்தான். இல்லத்தில் வைப்பது கடைசி வழி. குழந்தைத் திருமணம் என்றால் மாவட்ட சமூக நல அலுவலரே தடுப்பு அலுவலர், அவரிடமும் சொல்லலாம். வறுமையால் படிப்பு நிற்கும் நிலை என்றால் மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் வாங்குங்கள். அக்கம்பக்கத்தில் ஆதரவில்லாத கைக்குழந்தை இருந்தால் யாரும் தாமாக எடுத்து வளர்க்கக் கூடாது, தத்துக்கு முறை இருக்கிறது.

அப்புறம், போன் செய்தவரைத் தேடாதீர்கள். இரண்டு பேருக்கும் சொல்கிறேன்.

காங்கேயம் மாமா

வாத்தியாரய்யா, நீங்க கேட்டதுக்கு பதில்: கேட்டிருக்க மாட்டேன். அந்தப் பெண் இப்போது தாராபுரத்தில் நர்சிங் படிக்கிறாள், அதையும் மறைக்கவில்லை. ஆனால் பத்திரிகைக் கட்டு இன்னும் எங்க வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. என் தங்கை அதை எடுத்துப் போட விடமாட்டேன் என்கிறாள்.

தறிவீட்டுப் பெண் (பள்ளிபாளையம்)

சரிங்கய்யா, தேடவில்லை.

ஆனால் எனக்கு அடுத்த தறியை ஓட்டிய ஒரு பெரியம்மா இருந்தார். தினமும் தறியை நிறுத்தும்போது, "பள்ளிக்கூடம் போவியா கண்ணு?" என்று கேட்பார். அந்த அக்கா வந்த அன்று மட்டும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை, குனிந்து அறுந்த பாவு நூலை முடிந்துகொண்டே இருந்தார். இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார். பொங்கலுக்குப் போகும்போது பார்த்துவிட்டு வருகிறேன். எதுவும் கேட்க மாட்டேன்.