ஏலகிரிச் சரிவும் கோவளத்து அலையும்: மெதுவாக ஓடுபவர்களின் அனுபவங்கள்

சென்னையிலிருந்து

மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துச் சென்று, குளக்கரையில் ஒரு மணி நேரம் கைப்பேசியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அலுத்துப்போன ஒரு கோடையில்தான் நானும் தண்ணீருக்குள் இறங்கினேன். அப்போது எனக்கு வயது 41. திருவான்மியூர்க் கடற்கரையோரம் வாரத்தில் மூன்று நாள் ஓடும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. பழைய கியர் சைக்கிள் ஒன்றும் வீட்டில் கிடந்தது. மூன்றும் கைவசம் இருக்கும்போது டிரையத்லான் ஒன்றில் கலந்துகொண்டால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்று ‘ஸ்பிரின்ட்’ எனப்படும் குறுகிய வகை ஒன்று உண்டு என்பதையும், அலுவலகம் போய்க்கொண்டே அதற்கு ஆயத்தமாகிவிட முடியும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்த செய்தி, அந்தப் போட்டிக்கு மூன்று மாதம் முன்பு ஏலகிரியில் தொடங்குகிறது. சமதளத்தில் 10 கிலோமீட்டரை 62 நிமிடத்தில் முடிப்பவன் என்ற மிதப்போடு மலைப்பாதை ஓட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். சாலையில் ஓடுபவர்களுக்கு ஓர் எழுதாத சட்டம் உண்டு: எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் ஓடலாம், நடந்துவிடக் கூடாது. அந்தச் சட்டத்தை மலையிலும் கடைப்பிடித்தேன். முதல் ஏற்றத்திலேயே நெஞ்சு அடைக்கும் அளவுக்கு மூச்சு வாங்கியது. அறுபது வயதைக் கடந்த ஒருவர், இரண்டு கைகளையும் தொடைகளின் மேல் ஊன்றி, குனிந்து, நிதானமாக நடந்தே என்னைத் தாண்டிப் போனார். போகிற போக்கில், “ஏத்தத்துல நடங்க தம்பி, இறக்கத்துல ஓடிக்கலாம்” என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் அவருக்குப் பின்னால் அதே போல் நடந்து பார்த்தபோது, செங்குத்தான இடங்களில் நடைக்கும் ஓட்டத்துக்கும் வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பதும், ஓடினால் மூச்சுதான் வீணாகிறது என்பதும் பத்து நிமிடத்தில் விளங்கிவிட்டன.

இறக்கம் வேறொரு பாடம். சரளையில் கால் வைக்கும்போது எட்டுகளைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்; காலடியைப் பார்க்காமல் மூன்று நான்கு மீட்டர் முன்னால் பார்க்க வேண்டும்; பயந்து பின்னால் சாய்ந்தால்தான் வழுக்கும். இறங்கும்போது முன்தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குவதால், அந்த வலி உடனே தெரியாமல் ஒரு நாள் கழித்து வந்து சேரும். செவ்வாய்க்கிழமை அலுவலகப் படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் இறங்கிய என்னைக் காவலாளி கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தார்.

பிப்ரவரியில், போட்டி நாளன்று, சென்னையை அடுத்த கோவளத்தில் கடலில் இறங்கினேன். 25 மீட்டர் குளத்தில் பதினைந்து முறை போய் வந்து 750 மீட்டரைப் பலமுறை முடித்திருந்ததால், தூரத்தைப் பற்றிய பயம் இல்லை. குளத்தில் 25 மீட்டருக்கு ஒரு சுவர் இருக்கிறது, அதை உதைக்கும் நொடியில் உடம்பு இளைப்பாறிக்கொள்கிறது என்பது கடலுக்குள் போன பிறகுதான் உறைத்தது. கீழே பார்த்தால் கலங்கல். யாரோ ஒருவருடைய குதிகால் என் கண்ணாடியில் பட்டது. ஒரு வாய் உப்புத்தண்ணீர் உள்ளே போனது. நான் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தேனே தவிர, தண்ணீருக்குள் வெளியே விடவில்லை. அதனால் அடுத்த மூச்சுக்கு இடமில்லாமல் போனது. முதல் மிதவைக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தபோது, உதவி கேட்டுக் கையை உயர்த்திவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த நேரத்தில் ஏலகிரிப் பெரியவரின் நடை நினைவுக்கு வந்தது என்று சொன்னால் சினிமாத்தனமாக இருக்கும். ஆனாலும் அதுதான் நடந்தது. மலையில் நடக்கலாம் என்றால், கடலில் நடப்பதற்கு இணையானது எது? மல்லாந்து மிதப்பது. திரும்பிப் படுத்தேன். காவலுக்கு நின்றிருந்த ஃபைபர் படகு பக்கத்தில் வந்தது. அதிலிருந்த மீனவ இளைஞர், “ஏறிக்கிறியா சார்?” என்று கேட்டார். நிற்கும் படகையோ மிதவையையோ பிடித்து இளைப்பாறுவதற்கு விதி இடம் கொடுக்கிறது; அதன் உதவியால் முன்னேறத்தான் கூடாது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருபது மூச்சு எண்ணினேன். அவர் கரையைக் காட்டி, “அலையப் பாக்காத சார், அந்தத் தண்ணித் தொட்டியப் பாத்து வா” என்றார். திரும்பும் வழி முழுவதும் எட்டு கைவீச்சுக்கு ஒருமுறை தலையைத் தூக்கி அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நான்கு முறை மல்லாந்தேன். கரையேறியபோது 29 நிமிடம் ஆகியிருந்தது. எனக்குப் பின்னால் இருவர்தான் இருந்தார்கள்.

சைக்கிளைப் பற்றி எழுத அதிகம் இல்லை. அதிலிருந்து இறங்கி ஓடத் தொடங்கிய முதல் கிலோமீட்டரில் கால்கள் யாரிடமோ இரவல் வாங்கியவை போல இருந்தன என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

கோயம்புத்தூரிலிருந்து

மேலே எழுதியவர் பயத்தைக் கடந்து முன்னே சென்றதைச் சொன்னார். நான் திரும்பி வந்த கதையைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை வாசலிலேயே இருப்பதால், மலைப்பாதையில் ஓட ஆசைப்படுபவர்கள் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம் என்று வெளியூரில் நினைக்கிறார்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்து நடந்த பிறகு மலையேற்றத்துக்கான விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளை வழிகாட்டிகளோடு முறையாகத் திறந்துவிட்டது. அவை நடப்பதற்கானவை. ஆகவே நாங்கள் ஓடுவது பெரும்பாலும் தடாகம் பக்கத்துத் தோட்டங்களுக்கு இடையே போகும் மண் தடங்களில்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் மூன்று பெண்களும் வழக்கத்தைவிட முன்னதாக, வெளிச்சம் சரியாக வருவதற்குள் கிளம்பிவிட்டோம். அது தவறு. யானைகள் இரவில் தோட்டங்களுக்குள் இறங்கி, விடியும் நேரத்தில் காட்டுக்குத் திரும்புகின்றன; அந்த நேரத்தில் அவற்றின் வழியும் நம் வழியும் ஒன்றுதான். தடத்தின் நடுவே ஆவி பறக்கும் சாணத்தைப் பார்த்தும், “நேத்து ராத்திரி போனதாக இருக்கும்” என்று ஒருத்தி சொன்னாள். நேற்று இரவுச் சாணத்தில் ஆவி எப்படிப் பறக்கும் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. ஓட்டக் கடிகாரத்தை நிறுத்த மனம் வராதவர்களுக்கு அறிவு சற்றுப் பின்னால்தான் ஓடி வரும்.

ஆடு ஓட்டிக்கொண்டு எதிரே வந்த பெரியவர்தான் கையைக் காட்டி நிறுத்தினார். “அக்கட்ட போகாதீங்க அம்மிணி, குட்டியோட நிக்குதுங்க” என்றார். அவர் பேசி முடித்த பிறகு வந்த மௌனத்தில், மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. இருநூறு அடிகூட இருக்காது. ஓடலாமா என்று கேட்டதற்கு, “ஓடாதீங்க, ஆட்டோட சேந்து நடங்க” என்றார். வாழ்க்கையில் என் மிகச் சிறந்த ஓட்ட நாட்களில்கூட மனம் இவ்வளவு கூர்மையாக இருந்ததில்லை. ஒரு கிலோமீட்டர் தூரத்தை ஆட்டு மந்தையின் வேகத்தில், இருபத்தைந்து நிமிடத்தில் கடந்தோம். இப்போதெல்லாம் சூரியன் நன்றாக மேலே வந்த பிறகே கிளம்புகிறோம். முதலில் டீக்கடையில் நிறுத்தி, இரவு யானை எந்தப் பக்கம் இறங்கியது என்று விசாரித்துவிட்டுத்தான் கடிகாரத்தைத் தொடுகிறோம்.

தஞ்சாவூரிலிருந்து

எங்கள் மாவட்டத்தில் மலை கிடையாது. ரயில்வே மேம்பாலம்தான் எங்களுக்கு ஏலகிரி. நீச்சலை நான் கற்றது கிணற்றில், இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. ஒரு மணி நேரம் வேண்டுமானாலும் தண்ணீரில் கிடப்பேன், ஆனால் முகத்தை முக்கி நீந்தத் தெரியாது. டிரையத்லானில் எந்த வகை நீச்சலும் நீந்தலாம் என்று விதியில் இருப்பதைப் படித்துவிட்டுத் துணிந்து பதிவு செய்தேன். தலையைத் தூக்கியபடி தவளை போலப் போனதால் மெதுவாகத்தான் போனேன். ஆனால் மற்றவர்கள் திசை தவறி வளைந்து வளைந்து போகையில், எனக்கு மிதவை கண்ணை விட்டு மறையவே இல்லை. கோட்டைவிட்டது தரையில்தான். தலைக்கவசத்தின் பட்டையை மாட்டாமல் சைக்கிளைத் தாங்கியிலிருந்து எடுத்துவிட்டேன். நடுவர் நிறுத்தி, சைக்கிளைத் திரும்ப வைக்கச் சொல்லி, பட்டையை மாட்டியதைப் பார்த்த பிறகே விட்டார். பின்னால் கிணற்று நீச்சல்காரன் என்று யாரோ சிரித்தது காதில் விழுந்தது.

பயிற்சி எல்லாம் ஆற்றங்கரை மண் பாதையில்தான். முறைப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் ஆண்டுகளில், கல்லணையிலும் மதகு தூக்கிய பிறகு காய்ந்து கிடக்கும் வாய்க்கால்களுக்குப் புதுத் தண்ணீர் வரும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியலில், அது எங்கள் ஊர் எல்லையைத் தொடும் நேரத்தில் நான் கரையில் இருந்தேன். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, பள்ளம் கண்ட இடத்தில் நின்று நிரப்பிவிட்டு, மறுபடி நகர்ந்து வந்தது. என் வேகம் அதற்கு அதிகம். முன்னால் ஓடிப் போய் மதகடியில் காத்திருப்பேன், அது வந்து சேர்ந்ததும் மறுபடி ஓடுவேன். அப்படியே அடுத்த ஊர் வரை, ஆறு கிலோமீட்டர், அதோடு போனேன். அங்கே கரையில் நின்றிருந்த ஓர் ஆத்தா, கையில் வைத்திருந்த பூவைத் தண்ணீரில் போட்டுவிட்டு, வியர்த்து நின்ற என்னைப் பார்த்து, “தண்ணி வருதுன்னு சொல்லத்தான் ஓடியாந்தியா தம்பி?” என்று கேட்டார். ஆமாம் ஆத்தா என்றேன்.